காற்று பட்டதும்

லிக்னைட்டைப் பற்றவைக்க நெருப்பு வேண்டாம், காற்று போதும். இதை நெய்வேலிக்கு வெளியே சொன்னால் பலர் நம்புவதில்லை.

மணலுக்கும் களிமண்ணுக்கும் அடியில் கோடி வருஷத்துக்கு மேலாக அது சும்மாதான் கிடந்தது. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மேல்மண்ணை ராட்சத இயந்திரங்கள் வெட்டித் தள்ளி, கரியை வெளியே கொண்டுவந்து குவித்த பிறகுதான் தலைவலி ஆரம்பிக்கும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் அதோடு மெதுவாகச் சேரும். சேரும்போது கொஞ்சம் சூடு பிறக்கும். குவியலின் நடுவில் பிறந்த சூட்டுக்கு வெளியே போக வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும். கடைசியில் யாரும் தீக்குச்சி கிழிக்காமலே குவியல் புகையும். அதனால்தான் லிக்னைட்டை ரொம்ப நாள் சேமித்து வைக்கப் பயப்படுவார்கள். சுரங்கத்தில் வெட்டி, பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டி, வந்த சூட்டோடு எரித்துவிடுவது நல்லது.

அப்பாவின் கல்லீரலைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்தக் குவியல்தான். மூச்சுக்காற்று இல்லாமல் நெடுநேரம் கிடந்த ஒன்றுக்குக் காற்று திரும்பக் கிடைக்கும்போது என்ன நடக்கும் என்பதை எங்கள் ஊர் எனக்கு முன்பே ஒருவிதமாகச் சொல்லி வைத்திருந்தது.

*

அப்பா 1980-ல் முதல் அனல்மின் நிலையத்தில் சேர்ந்தவர். சோவியத் உதவியோடு கட்டி, 1962-ல் மின்சாரம் தர ஆரம்பித்த நிலையம் அது. பாய்லர் பக்கம்தான் அவருக்கு வேலை. 2018-ல் ரிட்டயர் ஆனார். இரண்டு வருஷம் கழித்து, 2020-ல், அந்த நிலையத்தையே மூடிவிட்டார்கள். "எனக்கு அப்புறம் அதுக்கும் ரிட்டயர்மென்ட்" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சமயத்தில்தான் அவருக்குக் கால் வீங்க ஆரம்பித்திருந்தது.

சிரோசிஸ். கேட்டவர்கள் எல்லோரும் அடுத்த கேள்வியாக ஒன்றைத்தான் கேட்டார்கள்: "குடிப்பாரா?" சிலர் வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார்கள். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. இருபது வருஷச் சர்க்கரை நோய், ஷிஃப்ட் வேலை, கல்லீரலில் படிந்த கொழுப்பு. கொழுப்பு அழற்சியாகி, அழற்சி தழும்பாகி, தழும்பு இறுகிக் கல் மாதிரி ஆகியிருந்தது. மாற்று அறுவை ஒன்றுதான் வழி என்றார்கள்.

நான் கொடுக்கிறேன் என்றேன். இந்தியாவில் வெற்றியடைந்த முதல் கல்லீரல் மாற்று அப்படித்தான் நடந்தது. 1998 நவம்பரில், டெல்லி அப்போலோவில், காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை சஞ்சய்க்கு அவன் அப்பாவின் கல்லீரலில் ஒரு துண்டை வெட்டி வைத்தார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து இன்று டாக்டர். மகனுக்கு அப்பா கொடுத்தது போல, அப்பாவுக்கு மகன் கொடுத்தால் என்ன?

எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். முப்பத்து நான்கு வயது, பெங்களூரில் ஐ.டி. வேலை, உட்கார்ந்த இடத்தில் பன்னிரண்டு மணி நேரம். என் கல்லீரலிலும் கொழுப்பு. "உங்க ஈரலை எடுக்க முடியாது" என்று டாக்டர் சொன்னபோது, எனக்கு ஆபத்து என்பதால் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அது ஒரு பாதி. மறுபாதியை அவர் இப்படிச் சொன்னார்: "கொழுப்பு நெறைய இருக்கற ஈரல், ரத்தம் நின்னு திரும்ப வர்றதத் தாங்காது."

ரத்தம் நிற்பதைத் தாங்காது என்றால் புரிந்திருக்கும். திரும்ப வருவதைத் தாங்க என்ன இருக்கிறது?

*

கல்லீரல் வழியாக நிமிஷத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் முக்கால் பங்கு குடலிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வரும். கால் பங்கு தமனி வழியாக. இரண்டும் நின்றுபோனால் என்ன ஆகும்?

முதலில் ஆக்சிஜன் தீரும். செல்லுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா திணறும். செல்லின் செலவுக்காசான ஏ.டி.பி. குறையும். காசு இல்லாததால், சோடியத்தையும் கால்சியத்தையும் வெளியே இறைக்கும் பம்புகள் சுணங்கும். செல் உப்பும். ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைத்து ஒப்பேற்றப் பார்ப்பதால் அமிலம் சேரும். இதுவரை எவரும் ஊகிக்கக்கூடியதுதான்: மின்சாரம் போன வீடு.

ஆனால் அந்த இருட்டில் இன்னொன்றும் நடக்கிறது. எரியவேண்டிய சரக்கு எரியாமல் குவிகிறது. அதில் முக்கியமானது சக்சினேட். சாதாரணமாக ஒரு வேதிச்சங்கிலியில் வந்து போய்க்கொண்டிருக்கும் சின்ன மூலக்கூறு. ரத்தம் நின்ற திசுவில் அது தேங்குகிறது. எட்வர்ட் சூஷானி, மைக்கேல் மர்ஃபி உள்ளிட்டோர் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ரத்தம் நிறுத்தப்பட்ட கல்லீரல், சிறுநீரகம், இதயம், மூளை என எல்லாத் திசுவிலும் இந்தக் குவியலைப் பார்த்தார்கள். ரத்தம் திரும்பிய சில நிமிஷங்களில் அந்தச் சக்சினேட் மொத்தமும் வெறிகொண்ட வேகத்தில் எரிகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் போகவேண்டிய வழியில் போக இடமில்லாமல் பின்னோக்கி ஓடுகின்றன. வழிதவறிய எலக்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும் ஆக்சிஜன் சூப்பராக்சைடாக மாறுகிறது. அது செல்லின் சவ்வையும் புரதத்தையும் கடித்துக் குதறும்.

இத்தோடு முடிவதில்லை. கல்லீரலின் நுண்குழாய்களில் குப்ஃபர் செல்கள் என்ற காவலாளிகள் உண்டு. குடலிலிருந்து வரும் கிருமிகளை விழுங்குவது அவர்கள் வேலை. நடந்த களேபரத்தில் செத்த செல்களின் சிதறல்களைப் பார்த்து, எதிரி புகுந்துவிட்டான் என்று அவர்கள் சங்கு ஊதுகிறார்கள். ஆறேழு மணி நேரத்தில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணுக்கள் படையாக வருகின்றன. கிருமி எதுவும் இல்லை. வந்த படை சொந்த வீட்டையே இடிக்கிறது. ஒன்றிரண்டு நாள்வரை இது நீளலாம்.

கொழுப்பேறிய ஈரலில் செல்கள் உப்பி நுண்குழாய்களை ஏற்கெனவே நெருக்கிக்கொண்டிருக்கும். திரும்பி வரும் ரத்தம் சில இடங்களுக்குப் போய்ச் சேரவே சேராது. அங்கிருக்கும் கொழுப்பும் ஆக்சிஜன் தாக்குதலுக்கு நல்ல தீனி. என் ஈரலை வேண்டாம் என்றதன் மறுபாதி இது. அப்பாவின் ஈரலைக் கெடுத்த அதே கொழுப்புதான், அவருக்குக் கொடுக்கும் தகுதி என் ஈரலுக்கு இல்லாமல் செய்தது.

*

அப்பாவின் பெயரை மாநிலப் பட்டியலில் பதிந்தோம். 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன், 15 வயது ஹிதேந்திரன், விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, பெற்றோர் அவனுடைய உறுப்புகளைக் கொடுத்தார்கள். அவன் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் போலீஸ் வழி ஒதுக்கிக் கொடுக்க, 11 நிமிஷத்தில் கொண்டுபோனார்கள். அப்போது நான் காலேஜில் இருந்தேன். செய்தியைப் படித்துவிட்டு ஹாஸ்டலில் எல்லோரும் அந்த 11 நிமிஷத்தைப் பற்றித்தான் பேசினோம். அவ்வளவு அவசரம் எதற்கு என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

அவசரத்துக்குக் காரணம் அந்தக் குவியல்தான். ஐஸில் வைத்தால் செல்லின் தேவை வெகுவாகக் குறையும், பூஜ்யம் ஆகாது. 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சவுதார்டும் உருவாக்கிய பாதுகாப்புத் திரவம் வருவதற்கு முன், கல்லீரலை ஆறேழு மணி நேரம் வைத்திருப்பதே பெரிய பாடு. அந்தத் திரவம் அதை இரண்டு மடங்குக்கு மேல் நீட்டியது. நீட்டியதே தவிர நிறுத்தவில்லை. ஐஸ்பெட்டியில் ஒவ்வொரு மணி நேரமும் சேர்வது, கிளாம்ப்பை எடுக்கும்போது எரியப்போகும் சரக்கு.

நெய்வேலியிலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டர். கூப்பிட்டால் உடனே வரவேண்டும் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் வாடகைக்கு எடுத்துத் தங்கினோம். அறுவைக்கு முந்தைய ஆலோசனையில் டாக்டர் ஒரு காகிதத்தில் ஈரலை வரைந்து, குழாய்களை வரைந்து, தைக்கப்போகும் இடங்களைக் காட்டினார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: "தையல் எல்லாம் முடிஞ்சு, கிளாம்ப்பை எடுத்து ரத்தம் விடுவோம் பாருங்க, அந்த அஞ்சு நிமிஷம்தான் எங்களுக்கு டென்ஷன். பி.பி. சடார்னு எறங்கும்."

அப்பா அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது கேட்டார். "பர்ஜ் பண்ணித்தான் விடுவீங்களா சார்?"

டாக்டருக்குப் புரியவில்லை.

"பாய்லர்ல திடீர்னு ஃப்ளேம் போயிடும் சார். உள்ள கரித்தூளு, எண்ணெ எல்லாம் எரியாம நிக்கும். பதறிப்போயி உடனே பத்தவெச்சோம்னா வெடிச்சிரும். முதல்ல ஃபேன ஓட்டி, உள்ள தேங்குனத எல்லாம் வெளிய தள்ளணும். அஞ்சு நிமிஷமாவது. அப்புறம்தான் லைட்-அப்."

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதேதான் சார். ஐஸ்ல வர்ற ஈரலுக்குள்ள ஒரு திரவம் நிக்கும். அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. அப்படியே விட்டா நேரா ஹார்ட்டுக்குப் போயி அடிக்கும். கழுவி வெளிய எடுத்துட்டுத்தான் தொறப்போம். தொறக்கறதும் மெதுவாத்தான்."

"மெதுவாத்தான் தொறக்கணும்" என்றார் அப்பா. "டர்பைனயும் அப்படித்தான். எடுத்த எடுப்புல மூவாயிரத்துக்குக் கொண்டுபோனா ரோட்டார் வளைஞ்சிரும். நடுவுல நிறுத்தி சூடு ஊற விடணும்."

ஒரு மாதமாக நோயாளியாக மட்டும் இருந்த மனுஷன், அந்த ஐந்து நிமிஷம் ஷிஃப்ட்டில் இருந்தார்.

*

என் வேலையிலும் இது உண்டு. சர்வர் ஒன்று விழுந்துவிட்டால், அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான செயலிகள் விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். சர்வர் எழுந்த நொடியில் அத்தனையும் ஒன்றாகப் பாயும். எழுந்த சர்வர் அந்தப் பாய்ச்சலில் மறுபடி விழும். தண்டரிங் ஹெர்ட் என்போம், மிரண்டு ஓடும் மந்தை. அதனால் ஒவ்வொரு செயலியும் எத்தனை நொடி காத்திருந்து தட்டவேண்டும் என்பதைக் கூட்டிக் கலைத்து வைப்போம். ஆரம்பத்தில் கொஞ்சம் பேரை மட்டும் உள்ளே விடுவோம்.

பாய்லர், சர்வர், ஈரல் மூன்றும் ஒன்று என்று சொல்லவரவில்லை. செல்லுக்குள் நடப்பது இவற்றைவிடப் பலமடங்கு சிக்கல். ஆனால் மூன்றிலும் நாம் ஒரே மாதிரி ஏமாறுகிறோம். ஒன்று நின்றுபோன காலத்தை வெற்றிடம் என்று கணக்குப் போடுகிறோம். அப்போது எதுவும் நடக்கவில்லை, வெறுமனே காத்திருந்தது, திரும்பக் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று நினைக்கிறோம். நின்ற காலத்திலும் உள்ளே வேலை நடக்கிறது. அது இல்லாமையோடு ஒத்துப்போகப் பார்க்கும் வேலை. திரும்பி வருவது எதுவானாலும், விட்டுப்போன உடம்புக்கு வருவதில்லை. மாறிப்போன உடம்புக்கு வருகிறது.

இதைக் கண்டுகொண்ட மருத்துவர்கள் திரும்ப வரும் விதத்தைத்தான் மாற்றப் பார்த்தார்கள். 1908-ல் கிளாஸ்கோவின் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், அடிபட்ட ஈரலில் கொட்டும் ரத்தத்தை நிறுத்த, அதற்குள் போகும் குழாய்களை மொத்தமாகப் பிடித்து இறுக்கும் முறையை எழுதினார். இன்றும் ஈரல் கட்டியை வெட்டும்போது அதே முறைதான். பலர் ஒரேயடியாகப் பிடித்து வைப்பதில்லை, பதினைந்து நிமிஷம் பிடித்து ஐந்து நிமிஷம் விடுவார்கள். 1986-ல் மர்ரி, ஜென்னிங்ஸ், ரெய்மர் மூவரும் நாய்களின் இதயத்தில் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார்கள். நீண்ட அடைப்புக்கு முன்னால் நான்கு முறை ஐந்தைந்து நிமிஷம் ரத்தத்தை நிறுத்தி நிறுத்தி விட்டால், பின்னால் வரும் 40 நிமிஷ அடைப்பில் சேதம் கால்வாசியாகக் குறைந்தது. சின்னச் சின்னப் பிரிவுகளும் திரும்புதல்களும் பெரியதற்குப் பழக்குகின்றன.

*

ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு போன் வந்தது. வேறொரு மாவட்டத்திலிருந்து ஈரல் வருகிறது, விபத்து என்று மட்டும் சொன்னார்கள். அதற்கு மேல் சொல்லக்கூடாது, நாங்களும் கேட்கக்கூடாது. அப்பாவை விடியற்காலை தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள்.

காலை பத்தேகாலுக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்தார். "ரத்தம் விட்டாச்சு. கலர் நல்லா வந்துருக்கு." அம்மா சுவரைப் பார்த்துக் கைகூப்பினாள். சித்தப்பா உடனே ஊருக்குப் போன் போட்டு "ஆபரேஷன் சக்சஸ்" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு மட்டும் உட்கார முடியவில்லை.

"ரத்தந்தான் வந்துருச்சேடா, இன்னும் என்ன?" என்றாள் அம்மா. சக்சினேட்டைப் பற்றி அங்கே எப்படிச் சொல்வது? "ஒண்ணுமில்லம்மா, ரெண்டு நாள் பாக்கணும்" என்றேன்.

மதியம் டாக்டர் வந்தபோதுதான் தெரிந்தது. கிளாம்ப்பை எடுத்ததும் பி.பி. சரிந்திருக்கிறது, மருந்து ஏற்றிப் பிடித்து நிறுத்தியிருக்கிறார்கள். அன்று ராத்திரி எஸ்.ஜி.ஓ.டி. 2,100. சாதாரணமாக நாற்பதுக்குள் இருக்கவேண்டியது. செத்த ஈரல் செல்களிலிருந்து கசியும் என்சைம் அது. எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு எரிந்திருக்கிறது என்று அர்த்தம். மறுநாள் காலை 2,640. நான் வாழ்க்கையில் எத்தனையோ வரைபடங்கள் ஏறுவதை நடுராத்திரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். எதிலும் என் வீட்டு ஆள் இருந்ததில்லை. அன்று சாயங்காலம் 1,900. அதற்கடுத்த நாள் 870. ரத்தத்தில் லாக்டேட்டும் இறங்கியது. புது ஈரல் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

வென்டிலேட்டரை எடுத்த பிறகு அப்பா என்னைக் கிட்டே கூப்பிட்டுக் கரகரத்த குரலில் கேட்ட முதல் கேள்வி: "பீக் தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சுப்பா."

கண்ணை மூடிக்கொண்டார்.

*

இது நடந்து சில வருஷம் ஆகிறது. அப்பா தினமும் காலையில் டவுன்ஷிப் மரநிழலில் நடக்கிறார், மாத்திரையை மணிக்கணக்குப் பார்த்துப் போடுகிறார். நானும் ஓட ஆரம்பித்து பதினோரு கிலோ குறைத்தேன். போன ஸ்கேனில் கொழுப்பு அநேகமாக இல்லை. இனி என் ஈரல் யாருக்காவது ஆகும். உறுப்புக்கொடைக்குப் பெயர் பதிந்தபோது அந்த ஒரு சந்தோஷம் இருந்தது.

2018-ல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு குழுவினரின் ஆய்வைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். எடுத்த ஈரலை ஐஸில் போடாமல், ஓர் இயந்திரத்தோடு இணைத்து, உடம்புச் சூட்டிலேயே ஆக்சிஜனோடு ரத்தத்தை ஓட்டிக்கொண்டே கொண்டுவருகிறார்கள். 220 மாற்று அறுவைகளில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஐஸில் வந்ததைவிட இதில் என்சைம் கசிவு பாதிதான். வீணென்று ஒதுக்கப்படும் ஈரல்களும் பாதியாகக் குறைந்தன. அப்பா கேட்டுவிட்டு, "அணைக்காம வெச்சிருக்காங்க. அதான் சரி. பாய்லரே அணைஞ்சு பத்தவெக்கிறப்பதான் அடிவாங்கும்" என்றார்.

இதை அவர் சொன்னது வடலூரில். நெய்வேலிக்குப் பக்கத்து ஊர். அங்கே தருமச்சாலையில் 1867-ல் வள்ளலார் மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விட்டதில்லை. வருகிறவர்களுக்கு எல்லா நாளும் சாப்பாடு. அறுவை நடந்த தேதியில் வருஷாவருஷம் அன்னதானத்துக்குப் பணம் கட்டுவது அம்மா ஏற்படுத்திய வழக்கம். எங்கள் வீட்டுக்கு ரத்தமோட்டம் திரும்பிய அதே நாளில், வேறொரு மாவட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஓர் உடம்பு மட்டும் திரும்பிப் போயிருக்கிறது. உறுப்புக்கொடை தருபவர்களின் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை என்று 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள். அந்த வீட்டுக்கு அது கிடைத்திருக்காது, அதற்கு முந்தைய வருஷம் அது.

கவுன்டரில் இருந்தவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, யார் பேருக்கு என்று கேட்டார்.

"பேரு தெரியாதுங்க" என்றாள் அம்மா. "ஊரும் தெரியாது. தேதிய மட்டும் போட்டுக்குங்க."

தேதியை மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பந்திக்கு நேரமாகியிருந்தது. போய் உட்கார்ந்தோம்.